மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போட்ட கோல்

நெஸ்தோர் பெலிஞ்சோனுக்கு எங்கள் ஊர் நகராட்சி ஒரு பித்தளைப் பலகை கொடுத்தது. 'கனவான்' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது ரொட்டிக் கடையில் வசவு. இரண்டும் ஒரே ஆட்டத்துக்காக, ஒரே இரண்டு நிமிடத்துக்காகக் கிடைத்தவை. அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் எலாதியோ. மொந்தலேரா அணியில் பதினாறு வருடம் லெஃப்ட் பேக்காக, அதாவது இடது ஓரத்தைக் காக்கிறவனாக ஆடியவன். அதே இடது ஓரத்தில், எனக்கு முன்வரிசையில், கடைசி இரண்டு வருடம் நெஸ்தோர் ஆடினான். ஆடினான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பந்து அவன் காலுக்கு வந்தால் ஆடுவான். பந்து பறிபோனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி நிற்பான். போன பந்தைத் துரத்துவது என் வேலை. முப்பத்தைந்து வயதில் இரண்டு ஆளுக்கான ஓட்டத்தை நான் ஒருவனே ஓடிக்கொண்டிருந்தேன். சட்டை நனையாமல் ஆட்டம் முடித்து வரும் அவனைப் பார்த்து, "என்ன கிளாஸ் பாருங்க" என்று கூட்டம் கைதட்டும்.

அவன் எங்கள் ஊர்க்காரன்தான். பத்தொன்பது வயதில் முதல் டிவிஷன் அணி ஒன்று அவனைக் கொத்திக்கொண்டு போனது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரைக் கடந்து போய் ஒரு கோல் போட்டான். நல்ல கோல், பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு கோலை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் காலம் தள்ளினான் என்பதுதான் எனக்குப் பொறுக்காதது. ஒவ்வொரு கோடையிலும் ஏதோ ஒரு கிளப்பின் தலைவர் அந்தக் கோலின் வீடியோவைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிடுவார். கையெழுத்து வாங்கிய பிறகுதான் மற்ற ஆட்டங்களைப் பார்ப்பார். அடுத்த கோடையில் இன்னொரு தலைவர் ஏமாறுவார். ஸ்பெயினில் ஒன்பது அணி, கிரீஸில் இரண்டு, சைப்ரஸில் ஒன்று, ருமேனியாவில் ஒன்று. எல்லா ஊரிலும் முதல் நாளே சட்டையில் இருக்கும் சின்னத்தை முத்தமிட்டான். எல்லா ஊரையும் விட்டுப் போகும்போது ஒரு கடிதம் எழுதினான். 'என் இதயத்தின் ஒரு பகுதி என்றும் இங்கேயே இருக்கும்.' பதின்மூன்று துண்டு போக மிச்சம் எவ்வளவு என்று டிரஸ்ஸிங் ரூமில் கேட்டுச் சிரிப்போம். அவனும் சேர்ந்து சிரிப்பான். அது வேறு எனக்கு எரிச்சல்.

எங்கள் நாட்டு ஆட்டக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பழைய அணிக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாட மாட்டார்கள். இரண்டு கையையும் உயர்த்தி, தலை குனிந்து, மன்னித்துவிடுங்கள் என்று காட்டிவிட்டுத் திரும்புவார்கள். பத்து வருடம் ஓர் ஊரின் உப்பைத் தின்றவன் அப்படிச் செய்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. நெஸ்தோரோ பாதி நாட்டுக்குப் பழைய ஆள். எங்களுக்கு அவன் போட்டது மொத்தம் ஒன்பது கோல், அதில் ஏழுக்கு மன்னிப்புக் கேட்டான். அவன் மேல் பாய்ந்து கட்டிக்கொள்ள ஓடும் நாங்கள் பாதியில் நின்று, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அவன் தோளைத் தட்டிவிட்டுத் திரும்புவோம்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் டிவிஷனைத் தாண்டியதே இல்லை. இரண்டாம் டிவிஷனில் ஒரே ஒரு வருடம் ஆடிவிட்டு நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறோம். நாலாவது தடவை அந்த ஜூன் மாதம் வந்தது. என் முழங்கால்கள் இருந்த நிலையில் ஐந்தாவது தடவை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

மேலே போவதற்கான கடைசிச் சுற்றில் எங்கள் எதிரி வல்தூர்னா. முதல் ஆட்டம் எங்கள் ஊரில், 1–1. இரண்டாவது அவர்கள் ஊரில். கூடுதல் அரைமணி நேரத்துக்குப் பிறகும் சமமாக இருந்தால், அந்த வருட லீக் பட்டியலில் மேலே இருக்கும் அணிதான் போகும். மேலே இருந்தது அவர்கள். ஆகவே நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நெஸ்தோர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, கோல் போட்டால் கொண்டாட மாட்டேன், வல்தூர்னா மேல் எனக்கு அத்தனை மரியாதை என்றான். அங்கே அவன் இருந்தது ஐந்து மாதம். இரவல் ஆளாகப் போய்ப் பதினொரு ஆட்டம் ஆடினான், ஒரு கோலும் போடவில்லை. ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனிடம் கேட்டேன்.

"ஏன்டா, அவங்களுக்கு நீ ஒரு கோல்கூடப் போட்டதில்ல. அவங்களுக்கு எதிரா போட்டாதான் துக்கமா?"

"கோல்ல என்னடா இருக்கு எலா. அது பாசம். என் பொண்ணு விஷயம் உனக்குத் தெரியாதா?"

"உன் பொண்ணு சைப்ரஸ்ல பொறந்தா."

"பொறந்தது அங்க. கரு தங்குனது வல்தூர்னால."

முன் சீட்டில் இருந்த கோல்கீப்பர் திரும்பிப் பார்த்து, "அப்ப ஒவ்வொரு ஓட்டலுக்கும் ஒரு தடவ கும்பிடு போட்டுட்டு வா மாப்ள," என்றான். பஸ்ஸே சிரித்தது. நெஸ்தோர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வல்தூர்னாவின் ரைட் பேக் ஹினேஸும் எங்கள் பழைய ஆள்தான். நாலு வருடம் மொந்தலேராவுக்காக மூக்கு உடைய ஆடியவன். இனி வேண்டாம் என்பதை எங்கள் கிளப் அவனுக்கு ஃபோனில் ஒரு வரி அனுப்பிச் சொன்னது. அவன் எந்தப் பத்திரிகைக்காரரையும் கூப்பிடவில்லை. வலது ஓரத்தில் ரயில் மாதிரி மேலும் கீழும் ஓடுவான், அதாவது எங்கள் இடது ஓரத்தில். அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நெஸ்தோர்.

கோச்சை இங்கே எல்லோரும் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் மிஸ்டர் ஒலாயா அதிகம் பேசாதவர். அன்று நெஸ்தோரின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"நாம ஒரு கோல் முன்னால போயிட்டா ஹினேஸ் உன் ஆளு. அவன் ஒண்ணுக்குப் போனாலும் கூடப் போகணும். புரியுதா?"

"புரியுது மிஸ்டர்."

"யாரு உன் ஆளு?"

"ஹினேஸ்."

"இன்னொரு தடவ சொல்லு."

"ஹினேஸ், மிஸ்டர். நான் என்ன கொழந்தையா?"

ஆட்டத்தை விவரிக்க ஒன்றுமில்லை. தொண்ணூறு நிமிடம் வெயிலில் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டோம். கூடுதல் நேரத்திலும் அதே கதை. முடிய மூன்று நிமிடம் இருக்கையில் நான் பந்தைப் பறித்து முன்னால் தள்ளினேன். நெஸ்தோர் ஒருவனைக் கடந்தான், இன்னொருவனையும் கடந்தான், கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டான். இந்த மாதிரி ஒன்றை என்னால் ஆயிரம் வருடம் ஆடினாலும் போட முடியாது. அந்த வினாடியில் அவன் மேல் எனக்கு இருந்த அத்தனை வெறுப்பும் போய்விட்டது. நான் இரண்டாம் டிவிஷனுக்குப் போய்விட்டேன். ஓடினேன், அழுதேன் என்றுகூட நினைக்கிறேன்.

அவன் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றான். கிட்டே போனவர்களைத் தள்ளிவிட்டான். "வேணாம்டா, வேணாம். இது மரியாதையான எடம்." பிறகு கோலுக்குப் பின்னால் இருந்த வல்தூர்னா ரசிகர்களிடம் போய், நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். அவர்கள் எழுந்து கைதட்டினார்கள். தங்கள் வருடத்தைக் கொன்றவனுக்குக் கைதட்டும் பைத்தியங்களை அன்றுதான் பார்த்தேன். நடுவர் இரண்டு தடவை விசில் ஊதிய பிறகுதான் நடக்க ஆரம்பித்தான், ஓடவில்லை. நடுக்கோட்டை ஓர் அடி தாண்டியதும் ஆட்டம் தொடங்கியது.

அவர்கள் பந்தை நீளமாக எங்கள் இடது பக்கம் அடித்தார்கள். அவர்களுடைய விங்கர் அதை எடுத்தான், நான் அவனைத் தடுக்கப் போனேன். ஹினேஸ் பின்னாலிருந்து கிளம்பிவிட்டது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. "நெஸ்தோர்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் நடுக்கோட்டருகே நின்று, பக்கவாட்டு அரங்கத்துக்கும் நெஞ்சில் கை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். என் குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்தான். நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்கும் கையாட்டினான்.

பந்து என்னைத் தாண்டி ஹினேஸிடம் போனது. ஒரே உதை. கோல்கீப்பர் அசையக்கூட இல்லை.

ஹினேஸ் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்தான். எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த அறுநூறு பேருக்கு முன்னால் போய் நின்று, நரம்பு புடைக்கக் கத்தினான். அவர்கள் அவன் தாயை, தாயின் தாயை எல்லாம் இழுத்தார்கள். எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. அன்று அந்த மைதானத்தில் நடந்த ஒரே உண்மையான காரியம் அதுதான்.

1–1. முடிந்தது. டிரஸ்ஸிங் ரூமில் நெஸ்தோர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான். நான் எதிரே போய் நின்றேன்.

"யாருடா உன் ஆளு?"

துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"காலைல ரெண்டு தடவ சொன்னியே. யாரு உன் ஆளு?"

"எலா, எனக்கும் வலிக்குதுடா. நான்தான கோல் போட்டேன்."

உண்மைதான். அவன்தான் போட்டான். மிஸ்டர் ஒலாயா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மைக்கை நீட்டியவர்களிடம், ஹினேஸை விட்டது என் தப்பு என்று நான் சொன்னேன். கூட ஆடுகிறவனை வெளியே காட்டிக்கொடுப்பது எங்களுக்குள் வழக்கமில்லை. நெஸ்தோர் அடுத்த மைக்கில் அதைத் திருத்துவான் என்று நினைத்தேன். அவன் வல்தூர்னா ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பத்திரிகையில் அவன் குனிந்து நிற்கும் படம், 'தோல்வியிலும் கனவான்' என்ற தலைப்போடு. ஹினேஸ் நன்றி கெட்டவன், நெஸ்தோர் மொந்தலேராவின் பெருமை, எலாதியோ கிழடாகிவிட்டான். ஊர் முடிவு பண்ணிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் மிச்சச் சில்லறையை என் கையில் தராமல் மேஜையில் வைத்தார்.

"ஹினேஸு ஓடி வர்றது டிவில எங்களுக்கே தெரிஞ்சுது. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் விட்டியா? நல்லா இருப்ப போ."

ஜூலை முதல் வாரம் பித்தளைப் பலகை கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் நெஸ்தோர் வல்தூர்னாவுக்குக் கையெழுத்துப் போட்டான், இரண்டாம் டிவிஷனில் ஆட. அவர்களுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. எங்களுக்கும் கடிதம் வந்தது. இதயத்தின் பதினாலாவது துண்டை வாங்கிக்கொண்டோம். ஊர் அதையும் படித்துக் கண் கலங்கியது. என் ஒப்பந்தத்தை மொந்தலேரா புதுப்பிக்கவில்லை. எனக்கும் ஃபோனில்தான் வந்தது, ஒரே வரி.

அந்த மாதக் கடைசியில் நெஸ்தோர் கூப்பிட்டான். நான் என் மனைவி ரெமேயோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எலா, இங்க லெஃப்ட் பேக்குக்கு முட்டி போயிடுச்சுடா. ஆறு மாசம் ஆகுமாம். உன் பேர நான்தான் சொன்னேன்."

"என் பேரா? எதுக்கு?"

"இங்க மிஸ்டர் கேட்டார், பந்து போனா நீ ஏன் கீழ எறங்கி வரவே மாட்டேங்கறனு. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல மிஸ்டர், அதுக்கு எங்கிட்ட ஒரு ஆளு இருக்கான்னேன்." கொஞ்சமும் கூச்சமில்லாமல், ஏதோ நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னான். "என்ன சொல்ற, வர்றியா?"

இரண்டு வருடமாக இவனுக்கு நான் எத்தனையோ பதில் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாமே கெட்ட வார்த்தை. வாயைத் திறந்தேன், "வர்றேன்" என்றுதான் வந்தது. அவன் பேசி முடிக்கும் முன்பே வந்தது. ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தால், ரெமே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வல்தூர்னாவா?"

"ஆமா."

"இந்த ஊர் உன்ன என்ன சொல்லும் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு வருஷமா சோத்துல கை வெச்சதுலேந்து எழுந்திரிக்கிற வரைக்கும் அவன திட்டியிருக்க. அவன் உன்னக் கூப்பிடல எலாதியோ, உன் கால கூப்பிட்டிருக்கான்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா போற?"

நான் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"என் பூட்ஸ எங்க வெச்ச?" என்றேன்.