பூக்கட்டும், பார்க்கலாம்

ஒரு செடியை வேரோடு பிடுங்கி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நர்சரிக்குக் கிளம்பினேன். எனக்கு இருந்த கோபம் செடி மேல்தானா என்று அப்போது யோசிக்கவில்லை. ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், மண்புழு உரம் போட்டிருக்கிறேன், மீன் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த சாமந்தி பூத்து, வாடி, உதிர்ந்தும் போயிற்று. இது மட்டும் தரையோடு தரையாகப் பச்சைக் குஞ்சம் மாதிரி உட்கார்ந்துகொண்டு, கல்லுளிமங்கனாட்டம் வாயே திறக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை. ஒரு காண்ட்ராக்டர் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் இவர்தான் குழாய் போடுகிறார். முக்கால்வாசி வேலை அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் காண்ட்ராக்டர் தன் மகனுக்கு எங்கள் பெண்ணைக் கேட்டார். படியளக்கிறவர் கேட்கும்போது முடியாது என்று இவர் எந்த வாயால் சொல்வார்? பெண்ணை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

பையனைக் குறை சொல்ல முடியாது. கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது எல்லோருக்கும் டீ வைத்துவிட்டு, சர்க்கரைக் கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்தினேன். அவன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறவங்க ஆன்ட்டி, சர்க்கரையெல்லாம் தொட மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று ஸ்பூன் போட்டாலும் சப்பென்று இருக்கிறது என்பவள், அந்த டீயை ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரை குடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சர்க்கரைக்காக ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொன்னால் உலகம் சிரிக்காதா? நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தேதி குறிக்கிற பேச்சு வந்தபோதுதான் மகள் வாயைத் திறந்தாள். ஸ்வீட் வில்லியம் என்று ஒரு பூ, விதை வாங்கி வைத்திருக்கிறேன், அது பூத்ததும் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்றாள். கையில் பிடிக்கிற பூங்கொத்து நம் வீட்டுத் தோட்டத்துப் பூவாக இருக்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசையாம். சின்ன வயதில் அவளுக்கு எனக்குத் தெரிந்து இருந்த ஒரே ஆசை ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுவது. சரி, ஆசை மாறியிருக்கும் என்று நினைத்தேன். காண்ட்ராக்டர் வீட்டம்மா உருகிப்போய், பூக்கட்டும், பூக்கட்டும் என்றார்.

சமையலறைச் சுவரை ஒட்டிய பாத்தியில் அவளே மண்டி போட்டு விதைத்தாள். மிளகுத்தூள் மாதிரி கறுப்பு விதை. சலித்த மண்ணை மேலே தூவி, பூவாளியால் நனைத்தாள். சீக்கிரமே முளைத்தது. நெருக்கமாக வந்ததையெல்லாம் இருவரும் பிரித்து நட்டோம். இலை வந்தது, மேலும் இலை வந்தது. அதோடு சரி.

காண்ட்ராக்டர் வீட்டம்மா முதலில் ஆசையாகப் பூத்ததா என்று விசாரித்தார். பிறகு கடையில் கிடைக்காத பூவா என்றார். கடைசியில், பூத்தாலும் பூக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து தேதி குறிப்பதாகச் சொல்லிவிட்டார். இவர் காலையில் எழுந்ததும், அடைத்துக்கொண்ட குழாயைப் பார்ப்பதுபோல் அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்திக்குத்தான் போவாள். ஒவ்வொரு செடியாக இலையை விலக்கி நடுக்குருத்தைப் பார்ப்பாள். பாவம், என்ன ஆசையோ என்று எனக்கு மனசு கரைந்துபோகும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது ஒரு பூவையாவது வரவழைக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

நர்சரிக்காரம்மா செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்ததும், நல்லா இருக்கிற செடியை ஏன் பிடுங்கினீர்கள் என்று என்னையே கோபித்துக்கொண்டார்.

"முதல் வருஷம் வெறும் இலைதாங்க. குளிர் தாண்டி அடுத்த வருஷம்தான் பூக்கும். உங்க பொண்ணுகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே. இந்த வருஷமே பூக்கற நாத்தும் இருக்குன்னு காட்டினேன். வேணாம், மெதுவா பூக்கறதே குடுங்கன்னு வாங்கிட்டுப் போச்சு."

கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் தினமும் அவள் இலையை விலக்கிப் பார்த்தது, மொட்டு வந்திருக்கிறதா என்றல்ல. எங்கே வந்துவிட்டதோ என்று பயந்து. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது சிரிப்பு, அதன் பின்னாலேயே அழுகை. அதற்குப் பிறகு, டீ குடித்த நாளிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிப்போனது. நர்சரிக்காரம்மா ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த குழாய்த் துண்டை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"என்கிட்ட நேராவே வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"உங்க வேலை போயிடும்னு பயந்திருக்கா."

குழாய்த் துண்டைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து அவரே போனை எடுத்தார். நாலு பேர் முன்னால் சரியாகப் பேச வராத மனுஷன், இந்தச் சம்பந்தம் சரிப்படாது, மன்னிச்சுக்கோங்க என்று தெளிவாகச் சொன்னார்.  போனை வைத்ததும் முகத்தில், அடைப்பு எடுத்த குழாயில் தண்ணீர் வருவதைப் பார்க்கிறபோது வருகிற அதே தெளிச்சி.

மாலையில் மகள் வந்தபோது, பிடுங்கிய செடியைத் திரும்ப நட்டு மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தேன். என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா போன் பண்ணிட்டாரு, ஞாயித்துக்கிழமை யாரும் வரலை என்றேன். அப்படியே பாத்தி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, முகத்தை என் தோளில் வைத்துக்கொண்டாள். என் கையெல்லாம் மண். முழங்கையால்தான் அணைத்துக்கொள்ள முடிந்தது.

"அப்பாவோட வேலை என்னம்மா ஆகும்?"

"பாத்துக்கலாம். ஊர்ல கசியாத குழாய் ஏது?"

கொஞ்சம் பொறுத்து, அடக்க முடியாமல் கேட்டேன்.

"அடுத்த வருஷம் பூத்துத்தானேடி ஆகணும்? அப்போ என்ன சொல்லியிருப்ப?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"அதுக்குள்ள எட்டு வருஷம் கழிச்சுப் பூக்கற மரம் ஒண்ணு பாத்து வெச்சிருந்தேன்மா."

காண்ட்ராக்டர் சில வாரம் முகம் கொடுக்கவில்லை. வேறு ஆளை வைத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள், மேல்மாடித் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டுகிறது, உடனே வா என்று போனில் சிடுசிடுத்தார். இவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு ஓடினார்.

குளிரில் பாத்தி முழுக்க உறைபனி படிந்தது. அதற்கடியிலும் அந்தக் குஞ்சங்கள் பச்சையாகவே இருந்தன. வெயில் திரும்பியதும் தண்டு விட்டு, ஒரே வாரத்தில் மொத்தமும் மலர்ந்தது. கருஞ்சிவப்பில் வெள்ளைக் கரை போட்ட சின்னச் சின்னப் பூக்கள், கொத்துக் கொத்தாக, லேசான கிராம்பு வாசனையோடு. வீட்டில் யாருக்கும் கல்யாணம் இல்லை. நான் பிடுங்கி நட்ட செடி மட்டும் பின்தங்கிப் போய், மற்றவை பூத்து முடிகிற நேரத்தில்தான் மொட்டு வைத்தது. மகள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், டீ டம்ளரோடு அதன் பக்கத்தில் குனிந்து, ஒரு கையால் இலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை, அடியில் தங்கிய சர்க்கரையை ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தது.