ஞானஸ்நானத்துக்கு வந்த அம்மா

"பெத்தவ இல்லாம என்னா ஞானஸ்நானம்? பிரிசில்லா லீவுல வரட்டும்" என்று சாமிக்கண்ணு சபை ஆயரிடம் சொல்லிவிட்டார். அப்படித் தள்ளிப்போட்டதில் பேத்தி நித்திலாவுக்கு இரண்டு வயது நெருங்கிவிட்டது.

மருமகள் பிரிசில்லா மஸ்கட்டில் நர்ஸ். வேலை கிடைத்தபோது நித்திலா கைக்குழந்தை. கணவன் எழிலனுக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாமியார் தைலம்மாளுக்கு முட்டிவலி. எழிலனின் அக்கா ஜெயராணிதான், "எங்கிட்ட குடுத்துட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்று பிள்ளையைச் சிதம்பரம் அண்ணாமலை நகருக்குத் தூக்கிப்போனாள். அவள் கணவன் கலைமணிக்கு யுனிவர்சிட்டியில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் ஜெயராணிக்குக் குழந்தை இல்லை.

டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் பிரிசில்லா வீடியோ கால் போடுவாள். நித்திலா தவழ்ந்ததையும் நடந்ததையும் அதில்தான் பார்த்தாள். சில நாள் பிள்ளை தூங்கிப்போயிருக்கும். "எழுப்ப வேணாம் அண்ணி, அப்படியே காட்டுங்க" என்று சொல்லி, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

ஒருவழியாக லீவு கிடைத்தது. ஃபிளைட் தள்ளிப்போனதால், ஞானஸ்நானத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில்தான் கடலூர் வந்து சேர்ந்தாள். குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு நேரே மஞ்சக்குப்பத்துக் கோயிலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஜெயராணி வாசலில் ஆட்டோவைவிட்டு இறங்கினாள். இடுப்பில் வெள்ளைக் கவுனோடு நித்திலா.

பிரிசில்லா இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா கண்ணு. அம்மா வந்துருக்கேன் பாரு."

குழந்தை அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஜெயராணியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா" என்றது.

ஜெயராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தைன்னுதான் சொல்லிக்குடுத்தேன் பிரிசில்லா. எதுத்தவூட்டுப் புள்ளைங்க கூப்புடறதப் பாத்து..."

"பரவால்ல அண்ணி" என்றாள் பிரிசில்லா. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்தாள்.

ஆராதனையில் ஆயர் பெற்றோரை முன்னால் அழைத்தார். "தாய்கிட்ட குடு" என்று தைலம்மாள் மகளை இடித்தாள். ஜெயராணி பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கோயில் அதிர நித்திலா கத்தினாள்.

"வேணாம் அண்ணி. நீங்களே தூக்கியாங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

ஆயர் பெயர் கேட்டார். "எஸ்தர் நித்திலா" என்று பிரிசில்லா சொன்னாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் குழந்தை திகைத்து அழுகையை நிறுத்தியது. பிரிசில்லா குனிந்து அந்த ஈர முடியைத் துடைத்தாள். தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த வாசனை. இத்தனை நாள் போனில் அது மட்டும் வந்ததே இல்லை.

மத்தியானம் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டுப் பிரியாணி. சாமிக்கண்ணு புது வேட்டியில் ஒவ்வொரு இலையாகப் போய், "இன்னுங் கொஞ்சம் வெச்சிக்குங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தைலம்மாள் மகளிடம், "புள்ளைய இங்க வுட்டுட்டுப் போ. ரெண்டு நாள் அழுவும், அப்புறம் தாய்கிட்ட ஒட்டிக்கும்" என்றாள்.

"சரிம்மா" என்று ஜெயராணி பிள்ளையின் துணிப்பையைப் பிரிசில்லாவிடம் கொடுத்தாள். "ரசஞ்சோறுன்னா சாப்புடுவா. தூங்கறப்ப எங்காதப் புடிச்சிக்குவா. நீ உங்காதக் குடு, புடிச்சிக்குவா." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரிசில்லா பையை வாங்கவில்லை. லீவு முடிந்தால் அவள் மஸ்கட் போய்விடுவாள். அப்போது பிள்ளை யாரைத் தேடும்?

"அண்ணி, லீவு முடியற வரைக்கும் நான் உங்க வீட்டுல வந்து இருக்கட்டுமா?"

"புருஷன் இங்க இருக்கறப்ப நீ அங்க போயி இருப்பியா?" என்றாள் தைலம்மாள்.

"ஷிப்ட் முடிஞ்சி நான் போயிட்டு வரேம்மா. இந்தா இருக்கற சிதம்பரந்தானே" என்றான் எழிலன்.

சாமிக்கண்ணு வாசலிலிருந்தே, "போவட்டும் தைலம். அவ புள்ளையப் பாக்கத்தானே வந்தா" என்றார்.

அண்ணாமலை நகரில் முதலில் குழந்தை பிரிசில்லாவைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தது. பிறகு அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கியது. சாயங்காலம் மூவரும் யுனிவர்சிட்டி ரோட்டில் நடப்பார்கள். "அம்மா யாரு?" என்று ஜெயராணி கேட்டால் ஜெயராணியையே காட்டும். "அப்ப இது யாரு?" என்று பிரிசில்லாவைக் காட்டினால், "பிசி" என்று சிரிக்கும். பிரிசில்லாவும் சிரிப்பாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

கிளம்பும் நாளன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஜெயராணி பிள்ளையோடு வந்தாள். பிரிசில்லாவும் எழிலனும் பஸ் ஏறியதும் நித்திலா கையை நீட்டி, "பிசி, பிசி" என்று அழுதாள். பஸ் நகர்ந்தது. நித்திலா ஜெயராணியின் பிடியிலிருந்து இறங்கத் திமிறிக்கொண்டிருந்தாள்.

தனக்காக அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது அழாதா என்று ஏங்கியவள்தான். இப்போது பிரிசில்லா ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

புவனகிரி தாண்டியபின் எழிலனிடம், "காண்ட்ராக்ட் முடிஞ்சதும் வந்துடறேங்க. ஆனா நாம அண்ணி வீட்டுக்குப் பக்கத்துலதான் வீடு பாக்கணும்" என்றாள்.

"கம்பெனிக்கு அங்கேர்ந்து தெனம் அலையணுமே."

"அலைங்க" என்றாள் பிரிசில்லா.

எழிலன் தலையாட்டினான்.