மேலே ரெண்டு ரூபாய்

1

இந்தக் கதை என் காதுக் கோளாறில் பிறந்தது. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

கல்மண்டபத்தில் ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். (மழையெல்லாம் இல்லை. டீ குடிக்கத்தான் போனேன். மழைக்கு ஒதுங்கினால் எழுத்தாளன் மாதிரி இருக்குமே என்று போட்டேன்.) பக்கத்தில் இரண்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "மேல ரெண்டு ரூபா கேக்குறான் மாமு. குட்தா வண்டி, இல்லன்னா இல்லன்றான்." அவர் குரல் கம்மியிருந்தது. அதற்குள் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனதில் மீதிப் பேச்சு போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். வெறும் இரண்டு ரூபாய் இல்லாததால் வண்டியைத் தவறவிட்ட ஏழையின் கதை. முதல் வரி இப்படிப் போனது: 'அந்த இரண்டு ரூபாய் நாணயம் அவன் உள்ளங்கையில் ஒரு குட்டி நிலவைப் போல—'

மூன்று பக்கம் எழுதினேன். என் மனைவி மலர்க்கொடியிடம் கொடுத்தேன். அவள் வண்டி வாங்கக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கடன் விண்ணப்பத்தைப் படிக்கிற முகத்தோடுதான் என் கதைகளையும் படிப்பாள்.

"ரெண்டு ரூபாய்னா ரெண்டு லட்சங்க," என்றாள். "ஷோரூம்ல எல்லாம் லட்சத்தை ரூபாய்னுதான் சொல்வாங்க. டிமாண்ட் இருக்கிற புது வண்டின்னா விலைக்கு மேல கேப்பாங்க. அதைத்தான் அந்த ஆள் சொல்லியிருக்கார். நீங்க நிலா கிலான்னு எழுதி வெச்சிருக்கீங்க."

நிலாவைக் கிழித்துப் போட்டேன்.

2

விஷயம் தெரியாமல் எழுதக் கூடாது என்ற ஞானம் வந்து, திருவொற்றியூர் பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போனேன். பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டால், என் புத்தகங்கள் விற்ற காசில் வக்கீலுக்கு டீ வாங்கித் தரக்கூட முடியாது.

விற்பனைப் பையன் மரியாதையாக நாற்காலி போட்டான். "என்ன லோடு சார் ஏத்துவீங்க?"

கதை என்று சொல்ல வாய் வரவில்லை. "பேப்பர்," என்றேன்.

"எத்தனை டன் சார்?"

நான் இதுவரை எழுதியது எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கோணிப்பை தேறாது. பேச்சை மாற்றி, மேலே வாங்குகிற விஷயத்தைக் கேட்டேன். அவன் காதைப் பொத்தாத குறை. அப்படியெல்லாம் கிடையவே கிடையாதாம். கம்பெனி போட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்க மாட்டார்களாம். 'கிட்' என்று ஒன்று உண்டு, அவ்வளவுதான். சீட் கவர், மேட், பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்தது. கிட் எடுக்கிறவர்களுக்கு வண்டி உடனே வரும். எடுக்காதவர்களுக்கும் வரும், சில மாதம் ஆகும்.

அவனுக்கு ஷிபின் என்று பெயர் வைத்தேன், மார்த்தாண்டத்தை ஊராகக் கொடுத்தேன். முதல் வரைவில் தங்கப் பல்லும் கொடுத்திருந்தேன். வில்லனுக்கு ஏதாவது மின்ன வேண்டும் என்று ஒரு பழக்கம்தான். ஆனால் நான் கிளம்பும்போது, "வண்டி எடுக்காட்டியும் பரவாயில்ல சார், வெயில்ல வந்திருக்கீங்க," என்று ஒரு மோர் பாக்கெட்டைக் கையில் கொடுத்தான். பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

3

இனி கதை. தொடக்கம் ஒன்று: 'எண்ணூர் வானத்தில் சாம்பல் நிறப் புகை ஒரு பெருமூச்சைப் போல—' வேண்டாம். எண்ணூர் என்றதும் புகையைக் கிளப்பாத எழுத்தாளனைக் காட்டுங்கள், என் பேனாவை அவருக்கே தந்துவிடுகிறேன்.

தொடக்கம் இரண்டு: 'ஜெயவேலின் கைகள் அடுத்தவனுடைய ஸ்டியரிங்கை இத்தனை வருடமாக—' இதுவும் வேண்டாம். கை வந்தால் அடுத்து ரேகை வரும். ரேகை வந்தால் விதி வரும், அதற்குப் பிறகு என்னாலேயே நிறுத்த முடியாது.

(இதெல்லாம் நான் உங்கள் தலையில் கட்டப் பார்த்த கிட். சீட் கவர் இல்லாமலும் வண்டி ஓடும் என்று மலர்க்கொடி சொல்கிறாள்.)

தொடக்கம் மூன்று: ஜெயவேலுக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும்.

வியாசர்பாடியில் குடியிருப்பு. பதினெட்டு வருடமாக இன்னொருவர் லாரியை ஓட்டுகிறான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட ஓனருக்கு ஃபோன் போட்டு, அவர் எடுக்கும்வரை காத்திருந்து, கெஞ்சித்தான் லீவு வாங்க வேண்டும். அந்தக் கெஞ்சல்தான் அவனுக்கு ஆகவில்லை. வேலை கஷ்டம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

அதே ஓனரிடம் வண்டி ஓட்டுகிறவன் பாரி. அதே பிளாக், ஒரு மாடி கீழே. இருவரும் ஒரே மாடல் புது மினி லாரிக்குப் பதிவு செய்தார்கள், பாரி முதலில், ஜெயவேல் இரண்டு வாரம் கழித்து. திருவொற்றியூரில் ஒரு குடோன்காரர் இருவரிடமும் ஒன்றாகவே சொல்லியிருந்தார்: திங்கட்கிழமை முதல் அவருக்கு மாத வாடகைக்கு ஒரு வண்டி வேண்டும். புது வண்டியாக யார் கொண்டு வந்தாலும் சேர்த்துக்கொள்வார், ஆனால் ஒன்றுதான்.

"என்னுது முன்னாடி வந்துரும் மாமு," என்றான் பாரி. "நீ பேஜாராவாத. அடுத்து எடம் காலியானா உன் வண்டிதான், நான் சொல்லி உட்றேன்." ஜெயவேலும் சரி என்றான். மனதாரத்தான் சொன்னான்.

4

சனிக்கிழமை ஜெயவேல் தன் மனைவி ராஜாத்தியோடு ஷோரூமுக்குப் போகிறான், தன் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க. பாரி லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போயிருக்கிறான். "அப்டியே என்னுதும் வந்துச்சான்னு பாத்துட்டு வா மாமு," என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

ஷிபின் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "நாலு மாசம் ஆகும்ணே."

"தோ ஒண்ணு நிக்குதே. அது இன்னாபா?"

"அது வேற பார்ட்டிக்கு வந்ததுண்ணே. ஆனா…"

(இந்த 'ஆனா'வில் நான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். இதோடு கதையை முடித்து, 'ஆனா' என்றே தலைப்பு வைத்தால் நவீனமாக இருக்குமா என்றுகூட யோசித்தேன்.)

"ஆனா அந்தப் பார்ட்டி கிட் வேணாம்னு சண்டை போட்டுட்டாரு. அதனால அவரை அடுத்த லோடுக்குத் தள்ளிட்டோம், அவருக்கு இன்னும் சொல்லல. நீங்க கிட் எடுத்தா இன்னைக்கே பேப்பர் போட்டுரலாம். திங்கக்கிழம காலைல வண்டி உங்க கையில."

"கிட்டு எவ்ளோ?"

"ரெண்டு ரூபாய்ணே."

"ரெண்டு லட்சத்துக்கு இன்னா குடுப்ப? எட்த்தா, பாக்கலாம்," என்றாள் ராஜாத்தி.

ஷிபின் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். ராஜாத்தி மேட்டை மடக்கிப் பார்த்தாள், சீட் கவரின் தையலை இழுத்துப் பார்த்தாள். "இத்த மூலக்கொத்தளத்துல கூவிக் கூவி விக்கிறான்," என்றாள். வாசனை டப்பாவை முகர்ந்து தும்மினாள். பையின் அடியிலிருந்து மூன்று சின்ன அட்டைப் பெட்டிகள் வந்தன.

"டேஷ்போர்டுல வைக்கச் சாமிண்ணே. அதுவும் கிட்லயே வரும். பிள்ளையார், மாதா, 786. எது வேணுமோ எடுத்துக்கலாம்."

"புத்தர் கீறாரா?" என்றான் ஜெயவேல். அவர்கள் வீட்டில் புத்தர்தான்.

ஷிபின் ஸ்டோருக்கு ஃபோன் போட்டுக் கேட்டான். "ஸ்டாக் இல்லியாம்ணே. சொல்லி வெச்சாத்தான் வருமாம்."

"அதுக்கும் மேல குட்க்கணுமா?" என்றாள் ராஜாத்தி.

ஷிபினே சிரித்துவிட்டான். மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு ஜெயவேல் எழுந்து வண்டியைச் சுற்றி வந்தான். கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். முன்பக்கம் வந்தபோது கண்ணாடியில் வெள்ளை மார்க்கரில் எழுதியிருந்ததைப் படித்தான். பாரி, வியாசர்பாடி.

"இதை அழிச்சிட்டு உங்க பேரைப் போட்டுரலாம்ணே," என்று ஷிபின் ஒரு துணியோடு வந்து நின்றான்.

5

இந்த இடத்தில் நகை அடகு வைக்கும் காட்சி ஒன்று இருந்தது. ராஜாத்தி கழுத்தில் கைவைக்கிறாள், தாலிக்கொடி, கண்ணீர், ஒன்றரைப் பக்கம். "கிட்டையும் லோன்லயே சேத்துக்கலாம்ணே, மாசம் கொஞ்சம்தான் ஏறும்," என்று ஷிபின் சொன்னதும் அந்தக் காட்சிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மலர்க்கொடியைக் கேட்டேன், அவர்கள் ஆபீசிலும் அப்படித்தான் சேர்ப்பார்களாம்.

ஆக ஜெயவேலுக்குப் பணம் ஒரு தடையே இல்லை. ஏழைக்குப் பணம் தடையாக இருக்கும் கதை எனக்கு எழுத வரும். இது அது இல்லை.

ஜெயவேல் ராஜாத்தியை வாசலுக்குக் கூட்டிவந்தான்.

"பாரி வண்டி அது."

"பாத்தேன்."

"அவன்தான் வேணாம்னுட்டானே. நாம எடுக்கலன்னா வேற எவனோ எடுத்துகினு பூடுவான்."

"பூடுவான். அந்த எவனோ நம்ம பிளாக்லயா குந்திகினு கீறான்? காலைல தண்ணி புடிக்கப் போனா பாரி பொண்டாட்டி மூஞ்சில முழிக்கப் போறது நீயா, நானா?"

"அப்ப எடுக்காதன்றியா?"

"நான் எங்க அப்டி சொன்னேன்? அந்த ஆளுக்கு ஃபோன் போட்டு போட்டு நீ கெஞ்சறத இத்தினி வர்சமா பாத்துகினு கீறேன். எனக்கு வவுறு எரியாதா? எடுன்னும் சொல்ல மாட்டேன், எடுக்காதன்னும் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

ராஜாத்தியை எப்படியாவது ஒரு பக்கம் பேசவைக்க நான் நாலு வரைவு எழுதினேன். பெண் கதாபாத்திரம் நியாயத்தை எடுத்துச் சொன்னால் கதையை முடிப்பது சுலபம். அவள் மசியவில்லை.

6

முடிவு ஒன்று. ஜெயவேல் துணியை ஷிபினிடமிருந்து வாங்கித் தூர எறிகிறான். தோஸ்துதான் முக்கியம். கணவனும் மனைவியும் கைகோத்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறார்கள். இதை எழுதும்போது நான் அழுதேன்.

"சரி, அந்த வண்டி என்னாகும்?" என்றாள் மலர்க்கொடி.

"அது… நிக்கும்."

"நிக்காது. சாயங்காலத்துக்குள்ள கிட்டோட எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான். பாரிக்கும் கிடைக்காது, இவருக்கும் கிடைக்காது. திங்கக்கிழமை குடோனுக்கு மூணாவது ஆள் போவான். இவர் மறுபடி ஓனருக்கு ஃபோன் போடணும். நீங்க ஏன் அழுதீங்க?"

முடிவு இரண்டு. ஜெயவேல் வண்டியை எடுத்துக்கொண்டு பாரியிடம் பொய் சொல்கிறான். துரோகத்துக்குத் தண்டனையாக எண்ணூர் விரைவுச் சாலையில் பிரேக் பிடிக்காமல்— கடவுளே. புது வண்டி அது. இவனைத் தண்டிக்க ஒரு கம்பெனியின் பிரேக்கைக் குறை சொல்வது என்ன நியாயம்?

முடிவு மூன்று. இருவரும் கூட்டாக வாங்குகிறார்கள். "யார் பேர்ல ஆர்.சி.? ஆறு மாசத்துல டீசல் கணக்குல அடிச்சுக்குவாங்க," என்று மலர்க்கொடி தாளைத் திருப்பித் தந்துவிட்டாள்.

எனக்கு இன்னமும் முதல் முடிவுதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஏன் பிடிக்கிறது என்று யோசித்தபோதுதான் வெட்கமாகிவிட்டது. நாம் புத்தகத்தை மூடும்போது நல்ல மனதோடு மூட வேண்டும். அதற்காக ஜெயவேல் இன்னும் பல வருடம் லீவுக்குக் கெஞ்ச வேண்டும். ஷோரூம்காரன் மேலே கேட்டதற்காவது ஒரு மேட்டும் சீட் கவரும் கொடுக்கிறான். நாம் ஜெயவேலிடம் வாங்குவதற்கு ஈடாக எதையும் கொடுப்பதில்லை. இதைக் கண்டுபிடித்த பிறகு அந்த முடிவை அவன் தலையில் கட்ட எனக்குக் கை வரவில்லை. மற்ற இரண்டையும்தான் நீங்களே பார்த்தீர்களே.

7

ஃபோன் அடிக்கிறது. பாரி.

ஷிபின் வண்டிக் கண்ணாடியின் முன்னால் துணியோடு நிற்கிறான். பாவம், அவனுக்கும் மாதக் கடைசி, விற்பனைக் கணக்கு முடிக்க வேண்டும். இன்னும் அழிக்கவில்லை, ஜெயவேலின் தலையசைப்புக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஜெயவேல் எடுக்கிறான். அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல்.

"மாமு, ஷோரூம்லயா கீற? இன்னாச்சு, என் வண்டி வந்துச்சா?"

ஜெயவேல் வாயைத் திறக்கிறான்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஒரே ஒரு சொல்தான் பாக்கி, வந்துச்சு என்பதா, வர்ல என்பதா. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நீங்கள் நல்லவராக இருக்கலாம், அல்லது ஜெயவேலின் மேல் என்னைவிட உங்களுக்கு அக்கறை அதிகமாக இருக்கலாம். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் என் சிக்கல்.

சீக்கிரம் எழுதுங்கள், பாரி லைனில் காத்திருக்கிறான். லாரி இரைச்சலில் அவனுக்குச் சரியாகக் கேட்காது. எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும், ராஜாத்தி பக்கத்திலேயே நிற்கிறாள்.