பத்தாவது கணக்கு

கண்டி நகரத்துத் தனியார் வங்கிக் கிளை ஒன்றில் வேலை பார்த்தாள் கமலாசனி. பிறந்தது யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. யுத்தம் உச்சத்தில் இருந்த அந்த வருடத்தில், அந்த ஊர்ப்பெயரை அடையாள அட்டையில் வைத்துக்கொண்டு கண்டியில் நடமாடுவதே பெரிய காரியம்.

வங்கிக்குப் பத்து லட்சம் அபராதம் விழுந்திருந்தது. கட்டட வேலைக் கொந்தராத்துக்காரர் ஒருவர் சாக்கில் கோடிக்கணக்காகக் காசு கொண்டுவர, எங்கிருந்து வந்ததென்று கேட்காமல் மனேஜர் தேநீர் கொடுத்து வாங்கிப் போட்டதற்கான தண்டனை. கட்டியது யார்? ஊழியர்களின் போனஸை வெட்டித்தான் கட்டினார்கள். கொந்தராத்துக்காரர் அடுத்த கிழமையும் வந்தார், தேநீரும் குடித்தார். வெட்கங்கெட்ட பிழைப்பு.

தலைமையகம் திருந்திவிட்டதாகக் காட்ட வேண்டாமா? சந்தேகத்துக்குரிய கணக்குகள் பத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும்படி சுற்றறிக்கை வந்தது. மனேஜர் அதைக் கமலாசனியின் மேசையில் வைத்து, "தமிழ்ப் பெயர்களைப் பற்றி உமக்குத்தானே தெரியும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். மாட்டேன் என்றால் அவளே சந்தேகத்துக்குரியவள் ஆகிவிடுவாள்.

வெளிநாடு போய்விட்டவர்களின் பழைய கணக்குகளாகத் தேடி ஒன்பதை நிரப்பினாள். பத்தாவதற்கு றம்லத்தின் ஞாபகம் வந்தது.

கண்டிக்குப் பக்கத்து ஊரான அக்குறணையில் றம்லத் சீட்டுப் பிடிப்பவள். மாதம் பிறந்ததும் இருபது பெண்கள் அவளுடைய கணக்கில் காசு போடுவார்கள். யாருடைய முறையோ அவளுக்கு மொத்தத்தையும் எடுத்துக் கொடுப்பாள். கமலாசனியும் அந்தச் சீட்டில் இருந்தாள். தன் பங்கைக் கையிலேயே கொடுத்துவிடுவாள். பலர் சிறுதொகை போட ஒருவர் மொத்தமாக எடுப்பது என்று சுற்றறிக்கை சொன்ன அடையாளம் அச்சொட்டாகப் பொருந்தியது. குற்றமில்லாதவள், விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும், யாருக்கும் கேடில்லை என்று கணக்குப் போட்டு, அவளுடைய கணக்கையும் எழுதி அனுப்பினாள். மகா புத்திசாலி.

விசாரிக்க வந்தவர்களின் படிவத்தில் சீட்டுக்கு இடமில்லை. கணக்கை முடக்கினார்கள். அந்த மாதம் றம்லத்தின் சொந்த முறை. கணவர் தாஸிமுடைய இருதய ஒப்பரேசனுக்கு இருபதாம் திகதி கொழும்பில் காசு கட்ட வேண்டும்.

இருபத்துமூன்றாம் திகதி றம்லத் வங்கிக்கு வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"திகதி போயிட்டு மிஸ். இனி மூணு மாசமாம். அதுவரைக்கும் அவர்ட இருதயம் தாங்காதுண்டு டொக்டர் சொல்லிட்டார்."

கமலாசனி கையிலிருந்த பேனையை மூடி வைத்தாள். றம்லத் தொடர்ந்தாள்.

"பொலிஸ்ல ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க. காசு போட்ட ஆக்கள்ட பேரெல்லாம் கேட்டாங்க. எல்லார்ட பேரையும் சொன்னன். ஒங்கட பேர மட்டும் சொல்லல்ல."

"ஏன்?"

"நீங்க யாழ்ப்பாணத்து ஆள். பேரக் கண்டா கூட்டிட்டுப் போயிருவாங்க. ஒங்களுக்கு இங்க ஆரிருக்கா?" கவுண்டரில் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்கட கணக்க ஆரு குடுத்தாண்டு தெரியுமா மிஸ்?"

அவள் காலில் விழுந்து சொல்லிவிடலாம் போலிருந்தது கமலாசனிக்கு.

"எனக்கொண்டும் தெரியாது" என்றாள்.