பின்சக்கரத்துக் காற்று

காலையில் பின்சக்கரம் மறுபடியும் சப்பையாகக் கிடந்தது. சுபுஹு தொழுது, முக்காட்டை இறுக்கி ஊசி குத்தி, ஷூ கட்டி (குனிந்து ஷூ கட்டுவதே எனக்குத் தனி உடற்பயிற்சி) வாசலுக்கு வந்தால், டயர் சிமெண்டுத் தரையோடு ஒட்டிப்போய் நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு சைக்கிளைத் தூக்கிக் காயலில் எறிந்திருப்பேன்.

"நூத்திநாலு கிலோ," என்றார் என் வீட்டுக்காரர் ரஷீது. பள்ளிவாசலில் இருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். "டயர் பாவம், அது என்ன செய்யும் ஷமீனா? விடு, உள்ள வா. சாயா போட்டுத் தரேன்."

அவர் போட்ட சாயாவை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார். அன்றைய ஓட்டமும் போயிற்று.

ஓட்டம் போனால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் தம்பி ரயீஸின் கல்லீரல் கெட்டுப் போயிருந்தது. பஜார் ரோட்டில் சுக்கும் குறுமிளகும் விற்கிறவன், ஒரு துளி குடித்தவனில்லை. எப்போதோ வந்த மஞ்சக்காமாலைக் கிருமி போகாமல் உள்ளேயே தங்கிக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். அவன் பெண்டாட்டி நௌரினின் ரத்த வகை சேரவில்லை. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான், என்னுடையது சேர்ந்தது. ஆனால் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. இதை வெட்டி வெச்சா அவருக்கும் பிரயோஜனம் இல்ல, உங்களுக்கும் ஆபத்து. எடையைக் குறைச்சுட்டு வாங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம். அதுக்கு மேல அவரால தாங்க முடியாது."

நடக்கலாம் என்றால் என் முட்டி ஒத்துழைக்காது. சைக்கிளில் முட்டிக்குப் பாரம் இல்லை, அதைச் செய்யுங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஷீது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அதுக்கென்ன டாக்டர், தாராளமாச் செய்யட்டும். எனக்குச் சம்மதம்தான்," என்றார். நௌரின் அங்கேயே அழுதுவிட்டாள். இப்படி ஒரு மனுஷன் வாய்த்திருக்கிறாரே என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

பள்ளிக்கூடத்தோடு விட்ட சைக்கிள். கால் மறக்கவில்லை, ஆனால் உடம்பு அன்றைய உடம்பு இல்லையே. முதல் நாள் எதிர்வீட்டு கமலாக்ஷி கேட்டில் சாய்ந்துகொண்டு, "இத்தா, சைக்கிளுக்கு இன்ஷுரன்ஸ் எடுத்தாச்சா?" என்றாள். பஜார் ரோட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் தம்பி உயிருக்கு முன்னால் இவர்கள் சிரிப்பு எந்த மூலைக்கு? முதல் வாரமே பின்சக்கரத்தில் கம்பிகள் ஒடிந்தன. சைக்கிள் கடை ரமேஷ்பாபு தடித்த கம்பி போட்ட வேறு சக்கரம் மாட்டித் தந்து, "இனி லோடு ஏத்தினாலும் தாங்கும்," என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா இத்தா, காத்து எப்பவும் கல்லு மாதிரி இருக்கணும். அரைக்காத்துல நீங்க ஏறினா ரிம்மே டியூபைக் கடிச்சிடும்."

கம்பி ஒடிந்தது என் எடையால். அதனால் டயர் இறங்கியதும் என் எடையால்தான் என்று நம்பினேன். ரமேஷ்பாபு டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். பஞ்சர் இல்லை. அவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, நான்தான் காரணம். குண்டாக இருக்கிறவளுக்கு இது பழகிப்போன விஷயம். நாற்காலி கிரீச்சிட்டாலும், லிஃப்ட் நின்றாலும், கல்யாணப் போட்டோவில் பக்கத்தில் நிற்பவர் மறைந்து போனாலும் குற்றம் நம்முடையது. டயர் மட்டும் விலக்கா?

ரமேஷ்பாபு கடை திறக்கிற நேரத்துக்கு பஜார் ரோட்டில் லாரிகள் நிறைந்துவிடும். வீட்டில் இருந்த கைப்பம்பில் எவ்வளவு அடித்தாலும் கல்லு மாதிரி ஆகாது. காலால் மிதித்து அடிக்கிற பெரிய பம்பு ஒன்று வாங்கி வாருங்கள் என்று ரஷீதிடம் சொன்னேன். வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தில் கிரேன் ஓட்டுகிறவர், தினமும் எர்ணாகுளம் வழியாகத்தான் வருகிறார். "அடடா, மறந்துட்டேன்," என்பார். கறி அடைத்த இறைச்சிப் பத்திரி பார்சல் வாங்கி வர மட்டும் மறக்கமாட்டார். "வாடிப் போயிட்டே. ஒண்ணே ஒண்ணு தின்னு." அந்தப் பத்திரியின் வாசனையைப் பாதி நாளாவது எதிர்த்து நின்றதற்கே எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.

டயர் நன்றாக இருந்த நாட்களில் தோப்பும்படி தாண்டி, பள்ளுருத்தி தாண்டி, கும்பளங்கி வரைக்கும் போனேன். காயலோரத்துச் சீன மீன்வலைப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. முதலில் கும்பளங்கிப் பாலத்தில் பாதியிலேயே இறங்கித் தள்ளியவள், பிறகு இறங்காமலே ஏறினேன். உச்சியில் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அப்படிப்பட்ட நாட்கள் பெரும்பாலும் ரஷீதுக்கு நைட் ஷிஃப்ட் இருந்த நாட்கள். அதற்கும் எனக்கு ஒரு விளக்கம் இருந்தது. அவர் இல்லாத ராத்திரியில் பார்சல் வராது, நான் மோர் மட்டும் குடித்துப் படுப்பேன், உடம்பு லேசாகும், டயர் தாங்கும். இவ்வளவு பெரிய முட்டாளை நீங்கள் மட்டாஞ்சேரியில் எங்கே தேடினாலும் பார்க்க முடியாது.

கெடு முடிய மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் ரயீஸைப் பார்க்கப் போனேன். கண்கள் மஞ்சளாகி, கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் நீர் கோர்த்துப் பெரிதாகியிருந்தது. "அக்கா, நம்ம ரெண்டு பேரும் வயித்தை மாத்திக்கிட்டோம் பாரு," என்றான். அவன் வாய் அடங்கவே அடங்காது.

"இன்னிக்கும் ஓட்டலடா," என்றேன். "ராத்திரி கல்லு மாதிரி காத்து இருந்துச்சு. காலையில பார்த்தா ஒண்ணுமில்ல. என் வெயிட்டுக்கு டயர் நிக்கமாட்டேங்குது."

ரயீஸ் தலையணையில் இருந்து தலையைத் தூக்கினான். "ராத்திரி நீ கட்டில்ல படுக்கிறியா, சைக்கிள் மேலயா?"

நானும் சிரித்தேன், நௌரினும் சிரித்தாள். அவன் சிரித்துச் சிரித்து இருமி, நௌரின் வந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. வீட்டுக்குத் திரும்பும் வழியில், தெருமுனையில் என் கால்கள் தானாக நின்றன. யாரும் ஏறாமல் ராத்திரி முழுக்கச் சும்மா நிற்கிற சைக்கிளில் என் எடை எப்படிக் காற்றைப் பிடுங்கும்? நைட் ஷிஃப்ட் நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

வீட்டுக்குப் போய்ச் சைக்கிளை எடுத்து, நேராக ரமேஷ்பாபு கடைக்குத் தள்ளிப் போய்க் காற்று நிரப்பினேன். படுக்கும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. ரஷீது பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கினார். எனக்குத் தூக்கம் எங்கே வரும்? அவர் இல்லை, அவராக இருக்காது, இருக்கக் கூடாது என்று ஓதுகிற மாதிரி சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்தார், கை கால் கழுவி ஒளூ செய்தார், தொப்பியை எடுத்தார். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். தாழ்ப்பாள் திறந்த சத்தம். பிறகு செருப்புச் சத்தம் வரவேண்டும். வரவில்லை. ஸ்ஸ்ஸென்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

கதவைத் திறந்தேன். தலையில் தொழுகைத் தொப்பியோடு என் புருஷன் பின்சக்கரத்துப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். வால்வு மூடி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"தொழப் போற வழியில செய்யிற வேலையா இது?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. பொய் சொல்லவும் இல்லை. "நான்தான். எல்லா நாளும் நான்தான்."

"என் தம்பி சாகட்டும்னா?"

"அல்லா மேல ஆணை, அப்படி இல்ல." மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தனைக் காப்பாத்த நல்லா இருக்கிற ஒருத்தியை அறுக்கிறாங்க. உள்ள போறவ திரும்பி வரலேன்னா? புள்ளையும் இல்ல குட்டியும் இல்ல. உன்னை விட்டா எனக்கு யாரு உண்டு ஷமீனா? டாக்டர் ரூம்ல எல்லாரும் என் மூஞ்சியவே பார்த்தாங்க. ரயீஸும் பார்த்தான். அங்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே? பயமா இருக்கு, பேடியா இருக்குன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே? அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அப்புறமும் போயிருப்பேன்தான். ஆனா நீங்க ஒரு மனுஷனா என் முன்னாடி நின்னிருப்பீங்க. நூத்திநாலு கிலோ, டயர் பாவம்னீங்க. இந்தத் தரையில உக்காந்து என் உடம்பை நானே சபிச்சு அழுதேன். பார்த்துக்கிட்டு நின்னீங்க. சர்க்கரை போட்டுச் சாயா குடுத்தீங்க!"

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. கமலாக்ஷி கேட்டால் கேட்கட்டும். ரஷீது வால்வு மூடியைச் சுவரோரம் வைத்துவிட்டு வெளியே போனார். பள்ளிவாசலுக்குப் போனாரா, வேறெங்காவது போனாரா, நான் கேட்கவில்லை.

கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போயிருப்பேன். போனால் ரயீஸ் காரணம் கேட்பான். அவனிடம் என்ன சொல்ல? அதனால் சைக்கிளைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்து கட்டிலை ஒட்டி என் பக்கத்தில் நிறுத்தினேன். ரஷீது முன்னறையில் பாய் விரித்துக்கொண்டார். வீட்டில் பேச்சு நின்றது, பார்சலும் நின்றது. விட்ட நாட்களை எல்லாம் பிடிக்க வேண்டும் என்று வெறி பிடித்தவள் மாதிரி ஓட்டினேன். மழையிலும் ஓட்டினேன்.

கெடுவுக்கு முன்னாலேயே ரயீஸ் ரத்தமாக வாந்தி எடுத்தான். நௌரின் போனில் அலறினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைப் பார்த்த கையோடு என்னையும் ஸ்கேனுக்கு அனுப்பினார். "இனிக் காத்திருக்க முடியாது. இன்னிக்கு என்ன இருக்கோ அதுதான்."

வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தில் நான் தின்ற பத்திரிகள் எல்லாம் கண்முன் வந்தன, ஓட்டாமல் போன காலைகளும் வந்தன. என் தம்பி செத்தால் ரஷீதை நான் மன்னிக்கமாட்டேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அது தெரிந்ததும் எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

"கொழுப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்றார் கடைசியில். "ஆனா இது போதும்."

அப்புறம் ஆஸ்பத்திரிக் குழுவின் முன் உட்கார வைத்தார்கள். புருஷனின் சம்மதமும் வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய டாக்டர் ரஷீதைப் பார்த்து, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, முழு மனதோடு சம்மதிக்கிறீர்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

மாட்டேன் என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். இப்போது டயர் கூடத் தேவையில்லை. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கெஞ்சிவிடுவேன்.

"பேடியா இருக்கு டாக்டர்," என்றார். குரல் உடைந்துவிட்டது. "இவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன செய்வேன்னு தெரியல." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரஷீது முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் திரும்பினார். எனக்குச் சொல்கிற மாதிரி, "சம்மதம்தான்," என்றார். "பேடியோடதான் சம்மதம்."

அட்மிட் ஆக வேண்டிய காலையில் பாங்குக்கு எழுந்து பார்த்தேன். கட்டில் பக்கத்தில் சைக்கிள் இல்லை. இத்தனை நடந்த பிறகும் நெஞ்சு பதறிப் போயிற்று. ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தேன். ரஷீது பின்சக்கரத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி வியர்வையில் நனைந்திருந்தது. காலடியில் புத்தம் புதிய பெரிய பம்பு. மூச்சு இரைக்க இரைக்க மிதித்து அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு? இன்னிக்கு கார்லதானே போறோம்?"

"நீ வந்ததும் ஓட்டணும்ல."

வந்தாலும் பல மாதம் சைக்கிளைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும். அதுவரை எந்த டயரிலும் காற்று நிற்காது.

"இறங்கிடுமே," என்றேன்.

"இறங்கட்டும். தினமும் அடிப்பேன்."

வால்வு மூடியை என்னிடம் நீட்டினார். நான் குனிந்து, கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. மூடியை மாட்டித் திருகிவிட்டு, எழுந்திருக்க அவர் கையைப் பிடித்தேன்.