நோர்வே என்றால் நித்திரை வரும்

என் மகள் மிதுசா எல்க் சுடப் போகிறேன் என்று சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி கையிலிருக்க அப்படியே நின்றுவிட்டேன். எல்க் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம்முடைய வன்னிக் காட்டில் மரை இருக்கிறதல்லவா, அதற்குப் பெரியண்ணன். குதிரையைவிட உயரம். கொம்பு இரண்டும் சுளகு மாதிரி விரிந்திருக்கும். அதைச் சுடுவதற்குப் பேர்லின் நொய்கெல்னில், மூன்றாம் மாடியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பொம்பிளைப்பிள்ளை புறப்படுகிறாளாம்!

அவள் வேலை செய்வது நகரத்துக்கு வெளியே ஒரு குதிரை ஆஸ்பத்திரியில். அங்கே மிருக வைத்தியராக இருக்கும் ஸில்கே என்ற ஜெர்மன்காரிதான் இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவள். ஸில்கேயும் புருஷனும் வேட்டைக்காரர். அவர்களோடு திரிந்து, சனி ஞாயிறுகளில் படித்து, சோதனை எழுதி, யாக்ட்ஷைன் என்கிற வேட்டை அனுமதியையும் என் மகள் எடுத்துவிட்டாள். துவக்கு வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். அது ஸில்கே வீட்டு இரும்பு அலுமாரியில் இருந்தது.

இந்த மகேந்திரராஜா பயந்தாங்கொள்ளி என்று நினைக்க வேண்டாம். பனியிலே எல்லை கடந்து வந்தவன் நான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் வீட்டு ஆள் வெளியே போனால் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண்பத்தாறில் ஊரில் ஒரு பின்னேரம் என் தம்பி சைக்கிளை எடுத்தான். வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். நானும் கேட்கவில்லை. அவன் எங்கே போனான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு நான் கேட்காமல் ஒருவரையும் விட்டதில்லை. சகுனமாவது மண்ணாங்கட்டியாவது!

மிதுசாவும் சின்ன வயதிலிருந்தே எனக்கு எதையும் ஒளித்ததில்லை. டிஸ்கோவுக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவாள். அவள் சொல்வாள், நான் கத்துவேன், பிறகு அவள் போவாள். இருபத்தாறு வயதுவரை எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தாள். எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லையாம். முதல் எல்க் வேட்டை அவளுக்குத்தான் என்றபடியால் இடத்தை அவளே தெரிவு செய்யட்டும் என்று ஸில்கே விட்டுவிட்டாளாம். மனைவி குமுதினி தேத்தண்ணீரோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“எனக்கு ஸ்வீடன்தான் விருப்பம், அப்பா. யெம்ட்லண்ட் எண்டு ஒரு இடம். காடு, ஏரி, திரும்பவும் காடு. பக்கத்தில ஒரு சனமும் இல்லை.”

“சனமில்லாத இடம் எண்டதைச் சந்தோசமாச் சொல்லுறாய்.”

“வேட்டைக்கு அதுதானே நல்லது.”

“அங்க ஹண்டி போன் எடுக்குமோ?”

“மலையில ஏறினா எடுக்கும்.”

“கரடி இருக்கோ?”

“இருக்கு. ஆனா ஆக்களைக் கண்டா ஓடும்.”

“எந்தப் பக்கம் ஓடும்?”

குமுதினி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. பகிடிக்குக் கேட்ட கேள்வியில்லை அது.

“சரி, பின்லாந்து?” என்றாள் மிதுசா. அவள் விரல் வைத்த இடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ரஷ்ய எல்லை!

“துவக்கோட ரஷ்யா எல்லையில ஒரு தமிழ்ப்பிள்ளை. நல்லாத்தான் இருக்கும். பேப்பரில முதல் பக்கத்தில போடுவாங்கள்.”

“ஐயோ அப்பா, உங்களோட ஏலாது.” வரைபடத்தை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ரெஸ்ரோறண்ட் சமையலறையில் பருப்பை அடிப்பிடிக்க விட்டேன். எங்கே எந்தக் காட்டில் யாருடைய வெடி தவறிப் படும் என்றே மனம் ஓடியது. மரத்தைக் கூட மிருகமென்று சுடுகிற குடிகாரர்கள் இல்லாத நாடு உண்டா? சனமில்லாத இடத்தில் காலை முறித்துக்கொண்டு கிடந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? ஸ்வீடனில் எனக்கு ஒரு குருவியையும் தெரியாது.

அப்போதுதான் நோர்வே ஞாபகம் வந்தது. ஒஸ்லோவில் என் மச்சான் பாஸ்கரன் இருக்கிறான். மாமியின் மகன். மீன் தொழிற்சாலையில் தொடங்கி இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். ஒரு நாட்டில் நமக்கென்று ஒரு ஆள் இருந்தால் அது பாதி ஊர் மாதிரி. நோர்வேயில் எல்க் இருக்கிறதா என்று விசாரித்தேன். ரோட்டுக்கு ரோடு எல்க் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை நிற்கிறதாம். எனக்கு உயிர் வந்தது.

அன்று மிதுசா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றக்கூட விடவில்லை.

“பிள்ளை, நோர்வேக்குப் போ. நோர்வே எண்டால் எனக்கு நித்திரை வரும்.”

அவள் ஒரு காலில் சப்பாத்தோடு என்னைப் பார்த்தபடி நின்றாள். யெம்ட்லண்டை எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த ஏரியின் படம் அவளுடைய கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் வந்து, ஸில்கேயோடு கதைத்துவிட்டேன், நோர்வேதான் என்றாள். ஸ்வீடன் எல்லைக்குக் கிட்ட ஒரு பள்ளத்தாக்காம். ஒஸ்லோவிலிருந்து காரில் போகிற தூரம்தானாம்.

“ஆனா ஒண்டு,” என்றாள். “பாஸ்கரன் மாமாவுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் முழு ஒஸ்லோவும் இடியப்பப் பெட்டியோட வந்து நிக்கும். இது என்ர முதல் வேட்டை. எனக்கு ஒருத்தரும் வரத் தேவையில்லை. சத்தியம் பண்ணுங்கோ.”

“அப்பாவை நம்பேல்லையோ?”

“நம்புறன்,” என்றாள் பிள்ளை. நான் சத்தியம் பண்ணவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

செப்டெம்பர் கடைசியில் போனார்கள். கப்பலிலிருந்து ஒரு அழைப்பு, போய் இறங்கி ஒரு அழைப்பு. பள்ளத்தாக்கின் பெயர், தங்குகிற வீட்டின் பெயர், எந்த ரோட்டால் போக வேண்டும் என்பதுவரை தானாகவே சொன்னாள். நான் கேட்கவே தேவைப்படவில்லை. குரலில் அப்படியொரு துள்ளல். “நல்ல குளிர், அப்பா. விடிய ஒரு ஓநாய் கத்தினது, கேட்டன்!”

ஓநாய்! அதைச் சொல்லாமல் விட்டிருந்தாளானால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆணையாகச் சொல்கிறேன், இருந்திருப்பேன். போனை வைத்ததும் பாஸ்கரனுக்கு எடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, சொன்ன சொல்லில நில்லுங்கோ,” என்றாள் குமுதினி. நீர் பேசாமல் இரும் என்று கையைக் காட்டினேன்.

“மச்சான், சும்மா ஒருக்காப் போய்த் தூரத்தில நிண்டு பாத்திட்டு வா. பிள்ளைக்குத் தெரியக் கூடாது,” என்று எல்க் வேட்டையையும் பள்ளத்தாக்கின் பெயரையும் சொன்னேன்.

“இதென்ன கதை, என்ர மருமகள் நோர்வேக்கு வந்து நான் பாக்காமல் விடுறதோ? அதை நான் பாத்துக்கொள்ளுறன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளைக்குக் கலியாணத்துக்கு ஏதும் இடம் பேசி இருக்கோ?” என்று கேட்டான்.

“இல்லை, இன்னும் இல்லை,” என்றேன்.

அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் நான் சொன்னது. வேண்டாம் என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் ‘இன்னும் இல்லை’ என்று சொன்னால் பாய் விரித்து வெற்றிலைத் தட்டம் வைத்ததற்குச் சமம். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரம் என் மண்டைக்குள் ஓநாய் மட்டும்தான் நின்றது.

அடுத்த நாள் பின்னேரம் அவள் வழக்கமாக எடுக்கிற நேரத்துக்குப் போன் வரவில்லை. நான் எடுத்தால் அணைத்து வைத்திருக்கிறது. பாஸ்கரனுக்கு எடுத்தேன், அவனும் எடுக்கவில்லை. சாமிப்படத்தடியில் போய் நின்றேன். வந்து ஜன்னலடியில் நின்றேன். குமுதினி இருங்கோ இருங்கோ என்று சொல்லச் சொல்லத் திரும்பவும் சாமிப்படத்தடிக்குப் போனேன். கடைசியில் மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

“உனக்கு ஒண்டும் இல்லைத்தானே?” இதுதான் என் முதல் கேள்வி.

“எனக்கு ஒண்டுமில்லை,” என்றாள். அவளுடைய குரல் மாதிரியே இல்லை. “நான் இண்டைக்கு ஒரு ஆளைச் சுட இருந்தனான், அப்பா.”

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

மெதுவாகச் சொன்னாள். வேட்டைக்காரரை ஆளுக்கொரு இடத்தில் காட்டுக்குள் இருத்திவிடுவார்களாம். மற்றப் பக்கத்திலிருந்து நாய்கள் எல்க்கைக் கலைத்துக்கொண்டு வருமாம். இருக்கிறவர்கள் எல்லாரும் செம்மஞ்சள் உடுப்புத்தான் போட வேண்டுமாம், ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்க. வேட்டை நடக்கிறது, உள்ளே வரவேண்டாம் என்று ரோட்டில் பலகை வைத்திருந்தார்களாம்.

“நாய் குலைக்குது. நான் பாத்துக்கொண்டிருந்த பக்கம்தான். மரத்துக்குள்ள மண்ணிறமா ஒண்டு அசைஞ்சது. நான் துவக்கைத் தூக்கிட்டன். சேஃப்டிப் பூட்டை எடுத்திட்டன். முழு உருவமும் தெரியாமல் சுடக் கூடாது எண்டு படிச்சவள்தான் நான். ஆனா விரல் அங்க போயிட்டுது, அப்பா. எல்க்தான் எண்டு நம்பிட்டன்.”

“பிறகு?”

“பிறகு ‘மிதுசா, பிள்ளை’ எண்டு ஆரோ கூப்பிட்டுது. பாஸ்கரன் மாமா. மண்ணிறமா நிண்டது ஒரு பெடியன். தோல் ஜக்கெற் போட்டிருந்தவன். கையில லட்டுப் பெட்டி. அவன்ர தாய் பட்டுச் சீலையோட ரோட்டில நிக்கிற வானுக்குள்ள இருக்கிறாவாம். பெடியனுக்கு இண்டைக்கு மட்டும்தான் லீவாம்.”

“அந்த விசரன் பாஸ்கரன்! பலகையைப் பாத்தும் உள்ளுக்குப் போனவனோ? அவனுக்கு நான் இப்பவே…”

“அவரை ஏசாதேங்கோ,” என்றாள். “நான் இருக்கிற இடத்தை அவருக்கு ஆர் சொன்னது?”

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேச, நான் கத்தாமல் இருந்தேன். வேட்டைத் தலைவர் வேட்டையை நிறுத்திவிட்டாராம். இனி அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டாராம். ஸில்கேயின் புருஷன் வருஷக்கணக்காகப் போன இடமாம் அது. அந்தப் பெடியன் காட்டுக்குள்ளேயே இருந்து குடல் வெளியே வரச் சத்தியெடுத்தானாம். அவனைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு வந்தது தான்தானாம். சொல்லும்போது அழுதாள்.

“வீட்டை வா, பிள்ளை,” என்றேன்.

“இல்லை. நாளைக்கு விடிய வேற இடத்துக்குப் போறம். ஸில்கே இன்னும் என்னைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டது பெரிய விசயம்.”

“எங்க?”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“எங்க போறாய் எண்டு கேக்கிறன்.”

“சொல்ல மாட்டன், அப்பா.”

“நான் உன்ர அப்பன்!” என்று கத்தினேன். அடக்கியிருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. மேல்மாடிக்கே கேட்டிருக்கும்.

“ஓம். அதாலதான் நோர்வேக்கு வந்தனான்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பாஸ்கரன் அடுத்த நாள் எடுத்து என்னிடம் கோபித்துக்கொண்டான். மாப்பிள்ளையின் தாய்க்குப் பிறஷர் ஏறிவிட்டதாம், இப்படித் துவக்குத் தூக்குகிற பிள்ளை என்று முதலே சொல்லியிருக்க வேண்டுமாம். எல்க் வேட்டை என்று சொன்னேனே மடையா என்றேன். வேட்டையைச் சும்மா பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன் என்றான். இவனோடு என்ன பேச?

மிதுசாவின் போன் அதற்குப் பிறகு எனக்கு எடுபடவில்லை. வரைபடத்தை நானே எடுத்து மேசையில் விரித்தேன். ஸ்வீடனாக இருக்குமா? பின்லாந்தா? விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். காடு முழுக்கப் பச்சையாகத்தான் போட்டிருந்தார்கள். செய்தியில் ஸ்வீடன் என்று ஒரு சொல் வந்தாலும் ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினேன். வேலைக்குச் சுகமில்லை என்று அறிவித்துவிட்டு வீட்டிலேயே நடந்தேன். பொலிசுக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன். போய் என்ன சொல்வது? என் மகள் எனக்குச் சொல்லாமல் போய்விட்டாள் என்றா?

குமுதினி மட்டும் தன்பாட்டில் பயற்றங்காய் நறுக்கினாள். பூசை செய்தாள். தையல் மெஷினில் இருந்து தன் சட்டைக்கு ஓரம் அடித்தாள். நாலாம் நாள்தான் எனக்குச் சுரீர் என்று பட்டது. பிள்ளை எங்கே என்று தெரியாத தாய் இப்படி ஓரம் அடிக்க மாட்டாள்.

“உமக்குத் தெரியும்,” என்றேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். “ஓம்.”

“எங்க?”

“சொல்ல மாட்டன். பிள்ளை என்னட்டக் கேட்டது அது ஒண்டுதான்.”

கத்தினேன். மனிசி என்றும் பார்க்காமல் என்னென்னவோ சொன்னேன். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி சுவரில் தட்டினாள். குமுதினி நான் முடிக்கும்வரை நூலைப் பல்லால் கடித்தபடி இருந்தாள். எனக்குக் களைத்துவிட்டது. அவளுக்கு முன்னால் கட்டிலில் இருந்தேன்.

“உயிரோட இருக்கிறாளோ? அதையாவது சொல்லும்.”

“நல்லா இருக்கிறாள். நேற்றும் என்னோட கதைச்சவள்.”

“என்னைப் பற்றி ஏதும் கேட்டவளோ?”

குமுதினி சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

“கேட்டவள். ‘அப்பாவுக்குச் சொல்லிப்போட்டீங்களோ’ எண்டு கேட்டவள்.”

“நீர் என்ன சொன்னீர்?”

“இல்லை எண்டன்,” என்றாள். “பிள்ளைக்குப் பெரிய நிம்மதி.”