பாடி ரெடி

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்த பரசுராமனுக்கு ஒரு வாக்கியம் தண்ணீர் பட்ட பாடு. இன்ஜினும் சக்கரமுமாக மொட்டையாய் வந்து நிற்கிற வண்டிக்கு மரமும் தகரமும் அடித்து, பெயின்ட் காய்ந்ததும் லாரிக்காரருக்குப் போன் போடுவார். “பாடி ரெடி. வந்து எடுத்துக்கினு போங்க.” இருபது வருஷமாகச் சொல்லியும் அவருக்கு அது அலுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற குரலில்தான் சொல்வார்.

அன்றைக்குப் பகலில் கிட்டத்தட்ட அதே வாக்கியத்தை அவரிடம் வேறொருவர் சொன்னார். சொன்னவர் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை ஊழியர்.

“ஆரணி லேடிக்கு யாருப்பா? இன்னும் கொஞ்ச நேரத்துல பாடி ரெடியாயிடும். வண்டி சொல்லிட்டீங்களா?”

ஆரணி லேடி என்றது பரசுராமனின் மனைவி ஈஸ்வரியை. முந்தின நாள் சாயங்காலம் தச்சூர் கூட்ரோட்டில் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, ஆரணி பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்தவளை ஒரு கார் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போதே உயிர் இல்லை.

பரசுராமன் வேப்பமரத்தடி பெஞ்சில் காதில் விழாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“மாமா, நம்மளத்தான் கூப்புடறாரு” என்றான் பக்கத்திலிருந்த சசிகுமார். ஈஸ்வரியின் தம்பி.

“அவளுக்குப் பேரு கீது. பேரச் சொல்லி கூப்புடச் சொல்லு.”

சசிகுமார் போய்ச் சொன்னான். ஊழியர் நல்ல மனுஷன், கோபித்துக்கொள்ளவில்லை. திரும்ப வந்து, “ஈஸ்வரி பாடிக்கு யாருங்க?” என்றார். பரசுராமனுக்கு, பேசாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

நம்மிடம் ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது. மூச்சு இருக்கிற வரைக்கும் உடம்பு. “ஒடம்பு எப்டி கீது?” என்று விசாரிப்போம். மூச்சு நின்ற மறு நிமிஷம் அது பாடி. நேற்றுவரை அக்காவாக, அண்ணியாக, மூணாம் லைன் டைலராக இருந்ததெல்லாம் போன இடம் தெரியாது. யார் போட்ட சட்டமோ, டாக்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் கடைப்பிடிக்கிறோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பரசுராமன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு முகம் இருந்ததில்லை. அங்கே அது சிரிப்பதற்கென்றே இருந்த சொல். ஈஸ்வரிக்கு வேலை பெண்களுக்கு உள்ளாடை தைக்கிற கம்பெனியில். ரவிக்கைக்குள் போடுவதை அந்தக் காலத்துப் பெண்கள் பாடி என்றுதானே சொல்வார்கள்? ஈஸ்வரி கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். பெண் பார்க்கப் போன அன்றைக்குத் தரகர் வெள்ளந்தியாக, “பையன் பாடி கட்றாரு, பொண்ணு பாடி தைக்குது. ரெண்டும் ஒரே தொழிலு” என்று சொல்லிவிட, கூடத்தில் பெரியவர்கள் எல்லாம் மோட்டுவளையைப் பார்த்தார்கள். சமையல்கட்டிலிருந்து மட்டும் களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்க்கும் முன்பே பரசுராமனுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது அந்தச் சிரிப்பில்தான்.

அதற்கப்புறம் அவள் அந்தச் சொல்லை விட்டாளா? பட்டறைப் பலகையில் ‘பரசுராமன் பாடி பில்டர்ஸ்’ என்று எழுதியிருக்கும். ஆள் ஊதினால் பறந்துவிடுவார். “யோவ், எவனாச்சும் ஜிம்முன்னு நெனச்சி உள்ள வந்தா நீ எங்கனா போய் ஒளிஞ்சிக்கோ. பொழப்பு நாறிடும்” என்பாள். சசிகுமார் உள்ளாட்சித் தேர்தலில் நின்று தோற்றபோது, “லோக்கல் பாடி எலக்‌ஷன்ல நின்ன என் தம்பியும் லோக்கல் பாடிதான், அதான் ஓடல” என்று தெருவுக்கே சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது மகளைக் கேட்டாள். “ஏண்டி கவி, நீ இங்கிலீஷ்தான படிச்ச? லாரிக்கும் பாடி, நான் தைக்கிறதுக்கும் பாடி. வெள்ளக்காரனுக்கு வேற வார்த்தையா கெடைக்கல?”

கவிப்பிரியா போனில் தேடிப் படித்தாள். “ஆதியில தலை, கை, கால உட்டுட்டு நடு ஒடம்ப மட்டுந்தான் அப்டி சொன்னாங்களாம்மா. அது எங்கேர்ந்து வந்துச்சின்னு கரெக்டா தெர்லயாம். தொட்டி, பீப்பாய்க்குச் சொல்ற ஜெர்மன் வார்த்தைக்குச் சொந்தமா இருக்கலாம்னு சில பேரு சொல்றாங்களாம்.”

“பீப்பாயா? அப்ப உங்க நைனாக்கு சேராது. நம்ம மாமியாருக்கு சேரும்.”

“கேளும்மா. நீ தைக்கிறது அப்பல்லாம் ரெண்டு பாதியா தைப்பாங்களாம். அதால ஒரு ஜோடி பாடின்னு சொல்லிச் சொல்லி பாடிஸ் ஆயிடுச்சாம். அப்புறம், சம்பாடின்னா யாரோ ஒருத்தர். நோபாடின்னா யாருமே இல்ல.”

“அப்ப பாடின்னா ஆளுதான்னு சொல்லு.”

“அவங்க ஊர்ல ஆளுதாம்மா.”

அந்தப் பேச்சு இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பரசுராமனுக்கு நினைவுக்கு வந்தது. அவர் பயமெல்லாம் கவிப்பிரியாவை நினைத்துத்தான். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. எட்டு மாதம், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிரஷர் ஏறுகிறது, மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா போன வாரம்தான் சொல்லியிருந்தார். “காலு எலும்பு ஒடஞ்சிருக்குது, ஆபரேஷன் பண்ணி மயக்கத்துல கீறாங்கோ” என்று சசிகுமாரின் மனைவி அருணா சொல்லி வைத்திருந்தாள்.

காலையில் அருணா பரசுராமனுக்குப் போன் செய்திருந்தாள். “அண்ணா, தெருவுல யாரையும் உள்ள வுடாம வெச்சிகினு கீறேன். ஆனா வண்டி வாசல்ல வந்து நின்னு, கவி கண்ணால பாத்தா தாங்காதுண்ணா. வர்றதுக்கு முன்ன நீயே போன்ல பக்குவமா சொல்லிடு. நான் பக்கத்துலயே ஒக்காந்துகினு கீறேன்.”

பக்குவமா என்றால் எப்படி? காலையிலிருந்து அவர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். போயிட்டா என்றால் எங்கே என்று கேட்பாள். தவறிட்டா என்பது எண்பது வயசுக்காரர்களுக்குச் சொல்வது. இறந்துட்டாங்க என்பதைப் பேப்பரில் படித்திருக்கிறார், வாயால் சொன்னதில்லை. மிச்சமிருந்த ஒன்றை நினைத்ததுமே ஒதுக்கித் தள்ளினார். ஒரு சொல் கூடவா இல்லை, பெற்ற பிள்ளைக்குச் சொல்ல?

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பள்ளிப்பட்டு லாரிக்காரர் வீரராகவன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

“அண்ணே, பாடி ரெடியா? எப்ப வந்து எடுக்கறது?”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், இதை வீட்டுக்குப் போனதும் ஈஸ்வரியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில உக்காந்துகினு கீறேன், பாடி ரெடியான்னு கேக்கறாண்டி அந்த ஆளு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அப்புறம்தான் யாரிடம் சொல்லப் போகிறோம் என்பது உறைத்தது. பரசுராமன் போனைச் சசிகுமாரின் கையில் திணித்துவிட்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். நேற்றிலிருந்து அப்போதுதான் அழுதார்.

வெள்ளைத் துணி சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். “பாடி ரெடி. எடுத்துக்கினு போங்க சார்” என்றார் ஊழியர், இந்தத் தடவை தணிந்த குரலில். பரசுராமன் வண்டியில் அவள் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தார். சசிகுமார் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

தச்சூர் கூட்ரோட்டில் சிக்னல் விழுந்து வண்டி நின்றது. ரோட்டின் அந்தப் பக்கம் ஆரணி பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். நேற்று இந்நேரம் அவள் தையல் மெஷினில் இருந்திருப்பாள். இங்கிருந்து வீடு பக்கம். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று சசிகுமார் திரும்பிப் பார்த்தான். பரசுராமன் போன் போட்டார்.

“நைனா! எத்தினி தடவ அடிக்கறது உனக்கு? அம்மா கண்ணு முழிச்சிச்சா? எதுனா பேசிச்சா?”

அவர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து எடுத்து வைத்த சொற்களில் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. யோசிக்காமலே வருகிற ஒரு வாக்கியம்தான் அவரிடம் இருந்தது. அதுதான் வந்தது.

“பாடி ரெடிம்மா. எடுத்துக்கினு வந்துகினு கீறேன்.”

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்ததைத் தானே கேட்டார். முன்னால் சசிகுமார் முகத்தை மூடிக்கொண்டான்.

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உனக்கு எப்பப் பாரு லாரி, லாரி, லாரிதானா? அம்மா அங்க அடிபட்டுப் படுத்துகினு கீது, நீ பட்டறையில போய் நின்னுகினு கீற! இப்ப அம்மா பக்கத்துல யாரு கீறா?”

“நான்தான் கீறேன் கண்ணு.”

“பொய் சொல்லாத நைனா. வண்டி சத்தம் கேக்குது. யாரு லாரி அது?”

பரசுராமன் துணியின் மேல் கையை வைத்தார்.

“லாரி இல்ல கவி” என்றார். “அம்மா.”